‘உங்கள் போனில் 4 வைரஸ்’ என்று வெருட்டும் பக்கங்கள்: மூடும் முறையும், கைதவறி அழுத்தியிருந்தால் செய்யவேண்டியதும்

பிரேமதாச மைதானத்தில் நடக்கும் மெச்சை இலவசமாகப் பார்க்கலாம் என்று வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு லிங்க் போடுகிறார். அழுத்துகிறீர்கள். ஸ்கோர்போர்டைக் காணோம், திரை சிவக்கிறது, போன் கையில் விர்ரென்று அதிர்கிறது. ‘உங்கள் சம்சுங் 28.1% சேதமடைந்துள்ளது, 4 ஆபத்தான வைரஸ்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து. கீழே 2 நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடும் கடிகாரம். ஆளை உண்மையில் பயமுறுத்துவது இவை எதுவும் இல்லை. உங்கள் போனின் மொடல், கொழும்பு என்ற ஊர், நீங்கள் பாவிக்கும் சிம் நிறுவனம், மூன்றும் சரியாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்ததும் ‘இதெல்லாம் தெரிந்திருக்கிறதே, அப்போ வைரஸும் உண்மைதான் போல’ என்று மனம் தடுமாறும்.

அந்த விவரங்களைக் கண்டுபிடிக்க உங்கள் போனுக்குள் எவரும் நுழையத் தேவையில்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் பிரவுசர் தன் பெயரையும் போனின் வகையையும் அதனிடம் சொல்லிவிடும். பக்கம் சரியாகத் தெரிய அது வேண்டும். உங்களுடைய ஐபி இலக்கம் எந்த நிறுவனத்துடையது என்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஊர்ப் பெயர் அந்த இலக்கத்தை வைத்துப் போடும் ஊகம். மட்டக்களப்பில் இருப்பவருக்கும் ‘கொழும்பு’ என்று காட்டுவதுண்டு. அதிர்வும் அப்படித்தான். அன்ட்ரொய்டில் குரோம் வழியாக ஒரு பக்கம் போனை அதிர வைக்கலாம். ஐபோனின் சபாரியில் அது நடக்காது, அதனால் அங்கே வெறும் சிவப்புத் திரையோடு நின்றுவிடும்.

பிரவுசருக்குள் திறக்கும் ஒரு பக்கத்தால் உங்கள் போனிலோ லெப்டொப்பிலோ இருக்கும் பைல்களை ஸ்கேன் செய்ய முடியாது. அதற்கு அனுமதியே இல்லை. நூறு வரை ஓடி முடியும் அந்தப் பச்சைக் கோடு ஒரு படம், அவ்வளவுதான். கடிகாரம் பூச்சியத்துக்கு வந்தாலும் ஒன்றும் நடக்காது. பக்கத்தை மறுபடி திறந்தால் திரும்பவும் 2 நிமிடத்திலிருந்துதான் தொடங்கும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் சுத்தப் பேய்க்காட்டல்.

ஆகவே, கண்ணால் கண்டதை வைத்துக் கவலைப்பட வேண்டாம். எதை அழுத்தினீர்கள் என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

முதலில் மூடுவது

பக்கத்துக்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். ‘கான்சல்’, ‘குளோஸ்’, மூலையிலிருக்கும் சின்னப் பெருக்கல் குறி எல்லாம் அந்தப் படத்தின் பகுதிதான். எங்கே தொட்டாலும் ‘சரி’ என்றே எடுத்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள்.

அன்ட்ரொய்டில் பலர் ஹோம் பொத்தானை அழுத்திவிட்டு, அண்மைய அப்களின் வரிசையில் குரோமை மேலே தள்ளிவிடுவார்கள். அதனால் டெப் மூடப்படாது. மறுபடி குரோமைத் திறந்ததும் அதே சிவப்புப் பக்கம் வந்து நிற்கும். ‘வைரஸ் போகவே இல்லை’ என்ற பயம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. முதலில் பிளைட் மோட் போடுங்கள். இணையம் இல்லாமல் அந்தப் பக்கத்தால் புதிதாக எதையும் கொண்டுவர முடியாது. பிறகு குரோமின் மேல் மூலையில் எண் எழுதிய சின்னச் சதுரத்தைத் தொட்டால் திறந்திருக்கும் டெப்கள் எல்லாம் அட்டைகளாகத் தெரியும். அந்த அட்டையை மட்டும் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். சதுரத்தைத் தொடவே விடாமல் பெட்டிகள் மாறி மாறி வந்தால், போனின் செட்டிங்ஸில் அப்ஸ், அதில் குரோம், அதில் ‘போர்ஸ் ஸ்டொப்’. பிளைட் மோடை எடுக்காமலே குரோமைத் திறந்து டெப்பைத் தள்ளுங்கள்.

மூடியபின் குரோமின் ‘டிலீட் பிரவுசிங் டேட்டா’வில் (பழைய பதிப்புகளில் ‘கிளியர் பிரவுசிங் டேட்டா’) கடைசி 24 மணி நேரத்துக்குரிய குக்கீஸையும் கேஷையும் அழிக்கலாம். ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். வைரஸ் வராத போனில் சேமித்த கடவுச்சொல் எல்லாவற்றையும் தன் கையாலேயே அழித்துவிட்டு அல்லாடுபவர்கள் உண்டு.

ஐபோனிலும் இதே ஒழுங்குதான்: பிளைட் மோட், டெப் பொத்தான், அட்டையை இடப்பக்கம் தள்ளுதல். சபாரி அசையவே மறுத்தால் செட்டிங்ஸுக்குப் போய் சபாரியின் ‘கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா’. ஐஓஎஸ் 18 முதல் சபாரியின் செட்டிங்ஸ் ‘அப்ஸ்’ என்ற பிரிவுக்குள் போய்விட்டது, மேலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

லெப்டொப்பில் வருவது இன்னும் மோசமான வேடம். பக்கத்தில் எங்காவது ஒருமுறை கிளிக் செய்தாலே போதும், அது முழுத்திரையாகிவிடும். பிறகு நீங்கள் பார்க்கும் மேல் பட்டை, முகவரிக் கட்டம், விண்டோஸின் நீலப் பெட்டி எல்லாமே வரைந்து வைத்த படம். மவுஸ் அம்பு மறையும், ஒரு குரல் ஆங்கிலத்தில் ‘கம்பியூட்டரை அணைக்க வேண்டாம்’ என்று ஓயாமல் சொல்லும். எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டினால் பல வேளை விடாது. இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகியதும் ஆல்ட், எப்4. அதுவும் முடியாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த மூன்றையும் விண்டோஸ் நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும், எந்த வெப் பக்கத்தாலும் மறிக்க முடியாது. வரும் பட்டியலில் டாஸ்க் மனேஜர், அதில் பிரவுசரின் பெயர், ‘எண்ட் டாஸ்க்’. மெக்கில் கமாண்ட், ஓப்ஷன், எஸ்கேப் அழுத்தி ‘போர்ஸ் குவிட்’.

திரும்பத் திறக்கும்போது ‘ரிஸ்டோர் பேஜஸ்’ என்று குரோம் கேட்கும். வேண்டாம் என்று மூடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பிரவுசரை அமைத்து வைத்தவர்கள் முதலில் வைபையை அணைத்துவிட்டே திறக்க வேண்டும். மெக் சபாரிக்கு ஷிப்ட் கீயைப் பிடித்தபடி திறந்தால் பழைய ஜன்னல்கள் வராது.

பார்த்தீர்கள், மூடினீர்கள், வேறெதுவும் அழுத்தவில்லை என்றால் வேலை முடிந்தது. பம்பலப்பிட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ‘போமட்’ அடிக்க, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்க, தேவையில்லை. மூடிய விளம்பரத்துக்காக போமட் அடிப்பது, நாய் குரைத்ததற்கு ஊசி போட்டுக்கொள்வது மாதிரி.

‘அலோ’ (அனுமதி) அழுத்தியிருந்தால்

நாள் முழுக்க ‘வைரஸ்’ அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு நேர்ந்தது இதுதான். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவை அழுத்துங்கள்’, ‘வீடியோ ஓட அலோவை அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் சொல்லியிருக்கும். உண்மையான ரோபோ சோதனை பக்கத்துக்குள்ளேயே கட்டத்தில் டிக் போடச் சொல்லும், படம் தெரிவுசெய்யச் சொல்லும். பிரவுசர் கேட்கும் அனுமதிப் பெட்டியில் ‘அலோ’ கொடுக்கும்படி ஒருநாளும் சொல்லாது. நீங்கள் கொடுத்தது அறிவிப்பு அனுப்பும் அனுமதி. அதன்பிறகு அந்தத் தளம் மூடியிருந்தாலும், பிரவுசரையே நீங்கள் திறக்காவிட்டாலும், ‘மெக்காபி காலாவதியாகிவிட்டது’, ‘5 வைரஸ் பிடிபட்டன’ என்று பிரவுசர் வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். உள்ளே எதுவும் நிறுவப்படவில்லை. அதனால் அன்டிவைரஸ் போட்டு எத்தனை தரம் ஸ்கேன் செய்தாலும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் வரும், அறிவிப்பும் நிற்காது.

அந்த அறிவிப்பை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான ‘விண்டோஸ் டிபெண்டர்’ பெயர் இருக்கும். அதன் கீழோ மேலோ சாம்பல் நிறத்தில், கண்ணில் படாத அளவில், ‘கூகுள் குரோம்’ என்றும் வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். டிபெண்டர் அனுப்பும் அறிவிப்பில் குரோமுக்கு என்ன வேலை? அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்ட்ரொய்ட் குரோமில்:

1. மேல் மூலை மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிபிகேஷன்ஸ்’. போன் தமிழில் இருந்தால் அமைப்புகள், அறிவிப்புகள் என்ற சொற்களைத் தேடுங்கள்.
2. ‘அலோட்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தெரியாதவற்றைத் தடுக்கவும். ஒரு தளம் சிக்கினால் பின்னால் பத்துத் தளம் வரிசையில் நிற்பது வழமை, ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.
3. அதே பக்கத்தின் மேலே உள்ள சுவிட்சை அணைத்தால் இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே முடியாது. செய்தித் தளங்களின் அறிவிப்பு வேண்டாத எல்லோருக்கும் இதுவே நல்லது.

அவசரத்துக்கு, வந்த அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடித்தாலும் அணைக்கும் வழி வரும். புதிய போன்களில் அறிவிப்பின் கீழேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ இருக்கும். சம்சுங்கின் சொந்த பிரவுசரைப் பாவிப்பவர்கள் அதற்குள்ளும் தனியாகப் பார்க்க வேண்டும். குரோமில் தடுத்தது அங்கே செல்லாது.

லெப்டொப் குரோமில் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிபிகேஷன்ஸ்’. எட்ஜிலும் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ என்று எழுதினால் நேரே கொண்டுபோய் விடும்.

ஐபோனில் சாதாரணத் தளங்களுக்கு இந்த அனுமதி கிடைப்பதில்லை, ஹோம் திரையில் சேர்த்த தளங்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே அங்கே களவு வேறு வழியால் வருகிறது: கலண்டர். ‘உங்கள் ஐபோன் பாதுகாப்பில் இல்லை’ என்று அரை மணிக்கு ஒரு நினைவூட்டல் வந்தால் ஏதோவொரு கலண்டருக்குச் சந்தாதாரராகிவிட்டீர்கள் என்று பொருள். அந்த நிகழ்வைத் திறந்து அடியில் ‘அன்சப்ஸ்கிரைப் பிரொம் திஸ் கலண்டர்’. நிகழ்வை மட்டும் தனியே அழித்தால் நாளைக்கும் வரும்.

எதையாவது டவுன்லோட் செய்து நிறுவியிருந்தால்

பிரவுசரைத் திறக்காமல், ஹோம் திரையில் இருக்கும்போதே விளம்பரம் முழுத்திரையாகப் பாய்ந்தால் அது அறிவிப்பு இல்லை, ஒரு அப்பின் வேலை. ‘கிளீனர்’, ‘பெட்டரி சேவர்’, ‘டோர்ச்’ என்ற பெயர்களில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். விளம்பரம் வந்த கணத்தில் அண்மைய அப்களின் பொத்தானை அழுத்தினால், எந்த அப் அதைப் போட்டதென்று பல வேளை அகப்படும். இல்லாவிட்டால் செட்டிங்ஸில் ‘அப்பியர் ஒன் டொப்’ அல்லது ‘டிஸ்பிளே ஓவர் அதர் அப்ஸ்’ என்ற பட்டியலைத் தேடுங்கள். டோர்ச் லைட்டுக்கு மற்ற அப்களின் மேல் தோன்றும் உரிமை எதற்கு?

அழிக்க முயன்றால் ‘அன்இன்ஸ்டோல்’ மங்கலாக இருக்கும் அப் ஒன்று இருந்தால், அதற்கு ‘டிவைஸ் அட்மின்’ உரிமை கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அந்த உரிமையைப் பறித்துவிட்டு அழிக்க வேண்டும். விளம்பரம் கையை அசையவே விடாவிட்டால் சேப் மோட்: பவர் மெனுவில் ‘பவர் ஓப்’ பொத்தானை ஒருமுறை தட்டிவிடாமல், அழுத்திப் பிடியுங்கள். அந்த நிலையில் நீங்கள் நிறுவிய அப்கள் ஓடாது, அமைதியாகத் தேடி அழிக்கலாம். முடிந்ததும் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு ‘பிளே புரொடெக்ட்’, ‘ஸ்கேன்’.

இதில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய உரிமை ஒன்று: ‘அக்சசிபிலிட்டி’. அதைப் பெற்ற அப் திரையிலிருப்பதை வாசிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் செய்யும். யாரோ அனுப்பிய ஏபிகே பைலை (பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் அப்) நிறுவி, இந்த உரிமையையும் கொடுத்து, அதே போனில் வங்கி அப்பும் இருக்கிறதென்றால் போனை பிளைட் மோடில் போட்டுவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். துப்புரவு வேலை அதற்குப் பிறகு.

லெப்டொப்பில் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) பட்டியலைத் திறந்து நீங்கள் போடாததை நீக்குங்கள். ‘குரோம் கிளீனப் டூலை ஓட்டுங்கள்’ என்று சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள். கூகுள் அதை 2023இலேயே எடுத்துவிட்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புல் ஸ்கேன்’ ஒருமுறை ஓட்டினால் போதும். பிடிவாதமாக ஏதாவது மிஞ்சினால் அங்கேயே இருக்கும் டிபெண்டர் ஓப்லைன் ஸ்கேன்: கம்பியூட்டர் தானே மறுபடி தொடங்கி, ஏறக்குறைய கால் மணி நேரத்தில் முடிக்கும்.

காசு கொடுத்து ‘துப்புரவு’ மென்பொருள் வாங்கச் சொல்லும் பக்கங்களைப் பற்றி ஒரு சொல். இப்படிப் போலி எச்சரிக்கை காட்டி விற்றதாகச் சைப்பிரசைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2024இல் 26 மில்லியன் டொலர் செலுத்த அவை இணங்கின. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தத் தொகையே அளவு.

விண்டோஸ் கீயும் ஆர் கீயும்

இது வேறு ரகம், இதில் மட்டும் விளையாட்டில்லை. ‘பிழையைச் சரிசெய்ய மூன்று படிகள்’ என்று பக்கம் சொல்லும்: விண்டோஸ் கீயோடு ஆர் (கட்டளை எழுதும் பெட்டி திறக்கும்), பிறகு கன்ட்ரோல் வி (ஒட்டுவது), பிறகு என்டர். நீங்கள் எதையும் கொப்பி செய்யவில்லையே, எதை ஒட்டுகிறீர்கள்? நீங்கள் பொத்தானைத் தொட்ட கணத்தில் பக்கமே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. என்டர் தட்டியதும் அந்தக் கட்டளை இணையத்திலிருந்து களவு மென்பொருளை இறக்கி ஓட்டும். பிரவுசரால் செய்ய முடியாததை உங்கள் கையாலேயே செய்விக்கிறார்கள். மெக்கில் இதே வேலையை ‘டேர்மினல்’ ஜன்னலில் ஒட்டச் சொல்லிச் செய்கிறார்கள்.

என்டர் தட்டிவிட்டீர்களென்றால் உடனே வைபையை அணைக்கவும். இன்னொரு போனையோ கம்பியூட்டரையோ எடுத்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் சாவி அதில்தான் இருக்கிறது. அடுத்து வங்கி, பிறகு பேஸ்புக் முதலானவை. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. இவ்வகைக் களவு பிரவுசரின் குக்கீஸையும் அள்ளிச் செல்கிறது, அதை வைத்துக் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே இருக்கலாம். ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள், வட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பட்டியலையும் வெறுமையாக்குங்கள். முன்பு வேண்டாம் என்று சொன்ன போமட், இந்த ஒரு சந்தர்ப்பத்தில் சரியான வேலை.

எண்ணுக்கு அழைத்திருந்தால்

மைக்ரோசொப்டின் எந்த எச்சரிக்கையிலும் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. இலக்கம் இருந்தால் போலி. வேறு சோதனை தேவையில்லை.

அழைத்தவர்களுக்கு நடப்பது ஏறக்குறைய ஒரே நாடகம். தூரத்திலிருந்து உங்கள் கம்பியூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் அல்லது டீம்விவர் போடச் சொல்வார்கள், உள்ளே வந்து ‘ஈவென்ட் விவர்’ என்ற பட்டியலைத் திறந்து சிவப்பு அடையாளங்களைக் காட்டுவார்கள். நேற்று வாங்கிய நல்ல கம்பியூட்டரிலும் அந்தச் சிவப்பு இருக்கும். பிறகு வங்கித் தளத்தைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே விட்டிருந்தால் மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டாம், ரௌட்டரின் வயரைப் பிடுங்குங்கள். பிறகு அந்த மென்பொருளை நீக்குங்கள்.

காசு போயிருந்தால் அல்லது கார்ட் இலக்கம் கொடுத்திருந்தால் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்துக்கே வங்கியை அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த இலக்கம் வேண்டாம், அங்கும் போலிகள் உண்டு. ஒன்லைன் பரிமாற்றம் நொடிகளில் மறு கணக்குக்குப் போய்விடும் என்பதால், இரவு 2 மணியானாலும் விடியும் வரை பொறுக்காதீர்கள். உரையாடலில் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வங்கி அசட்டையாக இருந்தால் இலங்கை மத்திய வங்கியின் 1935. தொழில்நுட்ப ஆலோசனைக்கு, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101. குற்றமாகப் பதிய உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் அல்லது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. முறைப்பாட்டுக்கு முன் வெட்கத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், பரிமாற்ற இலக்கம், பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட் எல்லாம் நேரத்தோடு வேண்டும். சில கிழமை கழித்து ‘இழந்த காசை மீட்டுத் தருகிறோம்’ என்று யாராவது அழைத்தால், அதே கூட்டம் இரண்டாம் தரம் கதவைத் தட்டுகிறது.

சிறிய இழப்பு ஒன்றும் உண்டு. அந்தப் பக்கங்களில் இலக்கத்தைக் கொடுத்ததால் ஏதாவது கட்டணச் சேவை சிம்மில் ஏறி, ரீலோட் போட்ட காசு நாளாந்தம் கரையலாம். டயலொக் 1777, மொபிட்டல் 1717; ‘என் இலக்கத்தில் எந்தச் சேவைகள் ஓடுகின்றன’ என்று கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

திரும்ப வராமல்

வெருட்டும் பக்கம் விளம்பரக் கண்ணி வழியாகத்தான் வருகிறது. களவாகப் புதுப்படம் போடும் தளங்களில் அடிக்கடி, நல்ல தளங்களிலும் எப்போதாவது. குரோமின் ‘பொப்அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்’ அணைந்திருக்கிறதா பாருங்கள். அதைவிடப் பயன் தருவது விளம்பரத் தடுப்பி: அன்ட்ரொய்டில் பயர்பொக்ஸோடு யூபிளொக் ஒரிஜின், லெப்டொப் குரோமில் அதன் லைட் பதிப்பு. எட்ஜ் பாவிப்பவர்கள் 2025இல் வந்த ‘ஸ்கேர்வேர் புளொக்கர்’ இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள், முழுத்திரை வேடத்தை அது நன்றாகப் பிடிக்கிறது.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அம்மா அப்பா தனியே, பிள்ளைகள் டொரொன்டோவில் என்ற வீடுகளில், அடுத்த வீடியோ அழைப்பில் அந்த நோட்டிபிகேஷன் சுவிட்சை அணைத்துக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. போனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கட்டும்: ‘வைரஸ் என்று வந்தால் ஒன்றையும் அமத்தாமல் போனைக் கவிழ்த்து வையுங்கோ. பிறகு எனக்கு எடுங்கோ. எந்த நேரமெண்டாலும்.’

ஒரு கிழமை கழித்து நோட்டிபிகேஷன் பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள். லெப்டொப்பில் அழித்த பெயரோ புதுப் பெயரோ முளைத்திருந்தால் எங்கோ ஒரு எக்ஸ்டென்ஷன் மிஞ்சியிருக்கலாம். ஒரே கூகுள் கணக்கில் இணைந்திருக்கும் அலுவலகக் கம்பியூட்டரிலிருந்து அது திரும்பி வருவதும் உண்டு, அங்கேயும் நீக்குங்கள்.